மார்த்தாண்டத்தில் 12 வாரம் பிரெஞ்சு: திருக்கைக்காகப் போகலாம், ஃபேனை நம்பிப் போக வேண்டாம்

எங்கள் நர்ஸுகள் குரூப்பில் மட்டும் இதுவரை 7 பேர் கேட்டாயிற்று, "அக்கா, அந்த மார்த்தாண்டம் பிரெஞ்சு க்ளாஸ் எப்படி, பைசா கொடுத்துச் சேரலாமா?" என்று. நைட் டியூட்டி முடித்து வந்து ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட எனக்குத் தெம்பு இல்லை, அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். பெயர் போட மாட்டேன். குறையும் நிறையச் சொல்லப் போகிறேன், அந்த டீச்சர் மனசு நோகக் கூடாது. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு மாடிப்படியைப் பற்றிச் சொன்னாலே எந்த இடம் என்று புரிந்துவிடும்.

முதலில் என் கதை, சுருக்கமாக. ப்ளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. மார்க் வரும் என்றார்கள், வந்தது, நூற்றுக்கு 96. ஆனால் யாராவது பேசச் சொன்னால் "போன்ழூர்" என்பதற்கு அப்புறம் வாய் அடைத்துக்கொள்ளும். நர்ஸிங் முடித்து, களியக்காவிளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பிரெஞ்சை மறந்தே போயிருந்தேன். 2023-ல் கனடா தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி வகை ஒன்று கொண்டுவந்ததும் எங்கள் வார்டில் பாதிப் பேர் பழைய நோட்டைத் தேட ஆரம்பித்தோம். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நாலிலும் அவர்கள் பிரெஞ்சு அளவுகோலில் 7-ஆம் நிலை வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் அந்த வகை கிடையாது.

அப்போது வேறொரு ஊர்க்காரர்கள் நடத்திய ஆன்லைன் வகுப்பில் 22,000 ரூபாய் கட்டினேன். அங்கே கோந்திஸியோனெல் (வெறும் ஆசை, பணிவு இதையெல்லாம் சொல்ல வரும் பிரெஞ்சு வினை வடிவம்) வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. சார் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டார், 6 விகுதி, கீழே 20 ஒழுங்கில்லாத வினை, "மனப்பாடம் பண்ணிடுங்க, நாளைக்கு டெஸ்ட்" என்றார், கேமராவை அணைத்தார். நானும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு டெஸ்டில் முழு மார்க் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து மாதிரிப் பேச்சுத் தேர்வில் உட்கார்ந்தால், "எனக்குப் பணம் இருந்தால்" என்று தொடங்கும் முதல் வாக்கியத்திலேயே "ஸி ழோரே" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். "ஸி ழாவே" என்று வர வேண்டும். எதிரே இருந்தவர் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. எதனால் தப்பு என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. "ரூல் அப்படி" என்றார்கள்.

இனி நம்ம மார்த்தாண்டம் க்ளாஸுக்கு வருகிறேன். மேம்பாலத்தின் நிழல் விழும் தெரு, கீழே மெத்தைக் கடை, பக்கவாட்டில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை ஹால், 4 பெஞ்ச், ஒரு வெள்ளைப் பலகை, 2 ஃபேன். அதில் பின் பெஞ்சுக்கு மேலே இருக்கும் ஃபேன் கடகடவென்று அடிக்கும் சத்தத்தில் நாசி ஒலி என்ன, தொண்டை ஒலி என்ன, எதுவும் கேட்காது. சனி, ஞாயிறு காலை 2 மணி நேரம், 12 வாரம், 9,500 ரூபாய். ரசீது கேட்டால் மட்டும் தருவார்கள். கேளுங்கள்.

டீச்சர் மாஹிக்காரர். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் அது, கேரளத்துக்குள்ளேயே இருந்தாலும் இன்றைக்கும் நிர்வாகம் புதுச்சேரியோடுதான். அவருடைய அப்பா அங்கே பிரெஞ்சில்தான் எழுதப் படிக்கக் கற்றாராம். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது, தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் அவசரத்தில் மலையாளம் முந்திக்கொண்டு வரும். பெண்களை "மோளே", பையன்களை "மோனே". எங்கள் பேட்சில் 14 பேர். பாதிப் பேர் நர்ஸுகள், குளச்சலிலிருந்து ஒரு தங்கச்சி, பாறசாலையிலிருந்து பைக்கில் வரும் மலையாளிகள் 3 பேர், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் (எதற்குப் படிக்கிறார் என்று கடைசி வரை யாருக்கும் சொல்லவில்லை).

முதல் 4 வாரம் எங்கேயும் நடக்கிற மாதிரிதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐந்தாம் வாரம் கோந்திஸியோனெல். அதற்காகத்தான் இந்த ரிவ்யூவே.

அன்றைக்கு டீச்சர் அட்டவணை போடவில்லை. "பைசா இருந்தால் ஒரு வண்டி வாங்குவேன்" என்று பலகையில் தமிழில் எழுதினார். அப்புறம் என்னைப் பார்த்து, "மோளே, உன் கையில் பைசா வர வாய்ப்பு உண்டா இல்லையா, இதைப் பார்த்தால் தெரியுமோ?" என்றார். யோசித்துப் பார்த்தேன், தெரியாதுதான். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாங்கப் போகிறவளும் அதையே சொல்வாள், ஜென்மத்துக்கும் வாங்க வழியில்லாமல் சும்மா ஆசைப்படுகிறவளும் அதையே சொல்வாள். குரலையும் முகத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம், வினை அதைக் காட்டுவதில்லை. பிரெஞ்சில் இது 2 வேறு வாக்கியம். நடக்க வாய்ப்பு இருந்தால் ஸி பக்கம் (ஸி என்றால் நம்ம "இருந்தால்" என்பதில் வரும் ஆல்) நிகழ்காலம், இந்தப் பக்கம் எதிர்காலம்: ஸி ழே த லார்ழான், ழாஷேத்ரே. வெறும் கற்பனை என்றால் ஸி பக்கம் அம்பார்ஃபே என்கிற இறந்தகாலம், இந்தப் பக்கம் கோந்திஸியோனெல்: ஸி ழாவே த லார்ழான், ழாஷேத்ரே. தமிழில் எழுதினால் பின்பாதி இரண்டும் ஒன்றாகத் தெரியும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்போதுதான் பாறசாலை சேட்டன் ஒருத்தர் கையைத் தூக்கி, "டீச்சர், எங்களுக்கு இது வேறதான்" என்றார். "பைசா உண்டாயிருந்நெங்கில் ஞான் வாங்ஙுமாயிருந்நு." டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இதற்காகவே காத்திருந்த மாதிரி மார்க்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசிச் சொல்லை 2 துண்டாக எழுதினார். வாங்ஙும், ஆயிருந்நு. முதல் துண்டு எதிர்காலம், வாங்கும் என்பதேதான். இரண்டாம் துண்டு இறந்தகாலம், "ஆக இருந்தது" என்கிற மாதிரி. எதிர்காலத்தை எடுத்து அதன் பின்னால் இறந்தகாலத்தை ஒட்டினால் நடக்காத ஆசை வந்துவிடுகிறது. அதற்கு நேர் கீழே பிரெஞ்சை எழுதினார். எதிர்கால அடி, அதன் பின்னால் அம்பார்ஃபே விகுதி. அச்சு அசல் அதே தையல்.

எனக்கு ஒரு நிமிடம் மூச்சே நின்றது. நான் பிறந்து வளர்ந்தது களியக்காவிளை, மலையாளம் காதில் விழாத நாள் கிடையாது, ஆச்சி செத்துப் போகும் வரை மலையாளப் பேப்பர்தான் படித்தாள், 1956-க்கு முன்னால் இந்த இடமெல்லாம் திருவிதாங்கூர்தானே. "போகுமாயிருந்நு", "வருமாயிருந்நு" என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். 22,000 ரூபாய் கட்டி மண்டையில் ஏறாதது, பஸ் ஸ்டாண்டில் தினமும் காதில் விழுகிற ஒரு சொல்லுக்குள் கிடந்திருக்கிறது. சும்மா டீச்சர் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த ஒரு காலைக்கு நான் 9,500 கொடுப்பேன்.

லத்தீனிலேயே இப்படித்தான் பிறந்தது என்று டீச்சர் சொன்னார். வினையின் மூல வடிவத்தோடு "உடைமை" வினையை ஒட்டினார்கள், நிகழ்கால உடைமையை ஒட்டியது எதிர்காலமானது, இறந்தகால உடைமையை ஒட்டியது கோந்திஸியோனெல் ஆனது. பிரெஞ்சில் இன்றைக்கும் தழும்பு தெரியும். "எனக்கு இருக்கிறது" என்றால் ழே, எதிர்காலத்தில் நான் என்பதற்கான விகுதி அதே ஏ. "எனக்கு இருந்தது" என்றால் ழாவே, அதன் வால்தான் கோந்திஸியோனெல் விகுதி. இது தெரிந்த பிறகு உருப்போட என்ன இருக்கிறது?

அமைப்பு என்று பார்த்தால் உண்மையில் ரொம்பக் கொஞ்சம்தான். பெரும்பாலான வினைகளுக்கு அகராதியில் இருக்கும் வடிவமே அடி, கடைசியில் ஆர்-ஈ என்று முடிகிற வினையில் அந்த ஈயை மட்டும் தட்டிவிட வேண்டும். ஒழுங்கில்லாத அடிகள் சில உண்டு, இருப்பதற்கு ஸெர், உடைமைக்கு ஓர், போவதற்கு இர், செய்வதற்கு ஃபெர், விரும்புவதற்கு வூத்ர், முடிவதற்குப் பூர், வருவதற்கு வியாந்த்ர். எதிர்காலத்துக்குப் படித்த அதே அடிகள், புதிதாக ஒன்று கூடக் கிடையாது. எல்லாமே ர் ஒலியில்தான் முடியும், ர் இல்லாமல் ஓர் அடி எழுதியிருந்தால் தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். விகுதி 6 என்று அட்டவணையில்தான், காதுக்கு 3 தான். நான், நீ, அவன், அவர்கள் எல்லாவற்றுக்கும் ஏ. நாம் என்றால் இயோன். நீங்கள் என்றால் இயே. முடிந்தது.

சரி, அப்படியென்றால் நான் ஏன் "ஸி ழோரே" என்று உளறினேன்? அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அதற்கும் விடை கிடைத்தது. கோந்திஸியோனெல் என்ற பெயரைப் பார்த்ததும் நாம் நிபந்தனை என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். தமிழில் நிபந்தனை எங்கே உட்காரும்? வந்தால், இருந்தால், பெய்தால் என்று அந்த ஆல் மேல்தான். இலக்கணப் புத்தகத்தில் அதற்கு நிபந்தனை எச்சம் என்றே பெயர். அதனால் பிரெஞ்சு பேசும்போதும் தலை தன்னால் கோந்திஸியோனெலைக் கொண்டுபோய் ஸி பக்கத்தில் வைத்துவிடுகிறது. பிரெஞ்சிலோ அது விளைவுப் பக்கத்து உருப்படி, நிபந்தனையைச் சொல்லும் பக்கத்தில் அதற்கு இடமே கிடையாது. பெயரே நம்மை ஏமாற்றுகிறது. டீச்சர் இன்னொன்றும் காட்டினார், அதை நான் யோசித்ததே இல்லை: வந்தால் என்பதில் ஆலைக் கழற்றினால் மிஞ்சுவது வந்த், பெய்தாலில் பெய்த், எல்லாம் இறந்தகால அடி. தமிழும் அந்தப் பக்கத்தில் இறந்தகாலத்தைத்தான் ஒளித்து வைத்திருக்கிறது, பிரெஞ்சு அதை வெளிப்படையாக அம்பார்ஃபே என்று வைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் திருக்கை வருகிறது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே தப்பு வருமாம், அதற்காக அங்கே வாத்தியார்கள் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுப்பார்கள்: லே ஸி நெம் பா லே ரே. ஸிகளுக்கு ரேக்களைப் பிடிக்காது, அதாவது ஸி வந்த பாதியில் ரே என்று முடியும் கோந்திஸியோனெல் வரக்கூடாது. வேடிக்கை என்னவென்றால் ஸி என்றால் ரம்பம் என்றும் பொருள், ரே என்றால் திருக்கை மீன் என்றும் பொருள். டீச்சர் "அறக்கவாள், திரண்டி" என்று மலையாளத்தில் சொல்ல, எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் முழித்தோம், குளச்சல் தங்கச்சிதான் "திருக்கை அக்கா, திருக்கை" என்று எடுத்துக்கொடுத்தாள். அதோடு நிறுத்தவில்லை. "டீச்சர், வேளா மீனுக்கு மூக்கே ரம்பம்தானே, அதுவும் திருக்கைச் சாதிதானே, அப்போ ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள். டீச்சர் 2 நொடி பேச்சில்லாமல் நின்றார். பிரெஞ்சில் வேளாவுக்குப் பெயரே புவாஸோன் ஸி, ரம்ப மீன். போஸ்ட் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கீழே மெத்தைக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் பேட்சில் ஒருத்தர் வாயிலும் "ஸி ழோரே" வந்ததில்லை. வந்தால் பின்னாலிருந்து "வேளா!" என்று கத்துவோம்.

ஆனால் ஒன்று, ஸி பார்த்த இடமெல்லாம் வேளா என்று கத்தினால் தப்பாகிவிடும். "அவன் வருவானா என்று தெரியவில்லை" என்பதிலும் பிரெஞ்சில் அதே ஸிதான் வரும், அதற்குப் பின்னால் எதிர்காலமும் வரலாம், கோந்திஸியோனெலும் வரலாம். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் குழம்புகிறார்கள், அங்கேயும் ஒரே சொல்தான் 2 வேலையும் பார்க்கிறது. தமிழ்க்காரிக்கு இங்கே குழப்பமே வரக்கூடாது. "வந்தால்" என்று மொழிபெயர்த்தால் பொருந்துகிறதா, "வருவானா என்று" எனப் பொருந்துகிறதா? ஆல் என்றால் ரே கூடாது, "வருவானா என்று" என்றால் கூடும். இதை டீச்சர் சொல்லவில்லை, நானே வீட்டுப்பாடத்தில் கண்டுபிடித்தது, அடுத்த வாரம் அவர் பலகையில் ஏற்றிவிட்டார். ராயல்டி தரவில்லை.

வீட்டுப்பாடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டைப் பற்றி 10 வாக்கியம் எழுதுங்கள் என்பார், புத்தகத்து வாக்கியம் கூடாது. எங்கள் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. ஆடி மாதத்தில் நான் எழுதினால் ஸில் ப்ளோ, மழை பெய்தால், அப்பா வீட்டில் இருப்பார், நிகழ்காலமும் எதிர்காலமும் போதும், ஏனென்றால் நிச்சயம் பெய்யும். அதையே மாசி மாத வெயிலில் எழுதினால்? ஸில் ப்ளோவே, மோன் பேர் ரெஸ்தரே ஆ லா மேஸோன். மழை மட்டும் பெய்தால் மனுஷன் ஒரு நாளாவது வீட்டில் இருப்பார். வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. டீச்சர் இந்த வாக்கியத்தின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, "அப்பாவுக்கு வாசித்துக் காட்டு" என்று எழுதியிருந்தார். காட்டினேன். "மாசியில மழை பெய்தா வெட்டு முடங்கும், நீ என்ன சந்தோஷமா எழுதியிருக்க" என்றார்.

மரியாதைக்கு வரும் கோந்திஸியோனெலுக்கு ஒரு நாள் முழுக்கப் போட்டார். எதிர்த்த டீக்கடையிலிருந்து ஃபிளாஸ்கில் சாயாவும் ஒரு பொதி பழம்பொரியும் வந்தன. ஆனால் பிரெஞ்சில் ஒழுங்காகக் கேட்டால்தான் கிடைக்கும். "ழெ வோ அன் தே" என்று கேட்டேன், எனக்கு டீ வேண்டும். ஃபிளாஸ்க் திரும்பிப் போய்விட்டது. இலக்கணத்தில் தப்பில்லை, ஆனால் போலீஸ்காரர் ஓசி டீ கேட்கிற தொனி. ழெ வூத்ரே என்றால்தான் "ஒரு டீ கிடைச்சா நல்லா இருக்கும்" என்கிற இறக்கம் வருகிறது. நாமும் பெரியவர்களிடம் நேராக "வேணும்" என்று கேட்க மாட்டோமே, "கொஞ்சம் கிடைக்குமா", "தந்தா உபகாரம்" என்று சுற்றித்தானே வருவோம். நோயாளியிடம் "கையை நீட்ட முடியுமா" என்று கேட்கப் பூரியே வூ. ஆசையைச் சொல்ல ழெம்ரே. அப்புறம், எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற "ஸில் வூ ப்ளே" இருக்கிறதே, தயவுசெய்து என்று உருப்போட்டோமே, அதுவும் ஒரு ஸி வாக்கியம்தான், "உங்களுக்குச் சம்மதமானால்" என்று. இத்தனை வருஷம் அதைச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

தேர்வுக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். கனடாவுக்காக எழுதும், பாரிஸ் வர்த்தக சபை நடத்தும் டெஃப் என்கிற பிரெஞ்சுத் தேர்வின் பேச்சுப் பகுதி 2 பாகம். முதலில் 5 நிமிடம், ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தெரியாத ஆளிடம் விவரம் கேட்க வேண்டும், அங்கே ழெம்ரே, பூரியே வூ இரண்டும் இல்லாமல் வண்டி ஓடாது. அடுத்து 10 நிமிடம், நண்பரைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும், அங்கே "உன் இடத்தில் நான் இருந்தால் போவேன்" என்பதற்கு ஆ தா ப்ளாஸ், ழிரே என்று போட்டால் வாக்கியம் தானாக நிமிர்ந்துவிடும். டீச்சர் இதைத் தேர்வு டிப்ஸ் என்று தனியாக நடத்தவில்லை, நானாகத்தான் கோத்துக்கொண்டேன். தேர்வு டிப்ஸ்தான் வேண்டும் என்றால் இந்த க்ளாஸ் உங்களுக்கு ஏமாற்றம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செய்தி வாசித்த நாள். பிரான்ஸ் வானொலி ஆர்.எஃப்.ஐ.யில் எளிய பிரெஞ்சில் வரும் 10 நிமிடச் செய்தியைப் போட்டுக்காட்டிவிட்டு, பலகையில் ஒரு வரி எழுதினார்: ல மினிஸ்த்ர் ஸெரே மலாத். ஸி எங்கே? நிபந்தனை எங்கே? ஒன்றும் இல்லை. "அமைச்சர் உடம்பு சரியில்லாமல் இருப்பார்" என்று ஒருத்தர் மொழிபெயர்த்தார், எங்கேயோ இடித்தது. கடைசியில் போஸ்ட் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், "அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம்." அதேதான். உறுதி ஆகாத செய்தியை, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல் சொல்லப் பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள் கோந்திஸியோனெலை எடுப்பார்கள், நமக்கு அந்த வேலைக்கு ஓர் ஆம் போதும். மேலே டீச்சருடைய அப்பாவைப் பற்றி எழுதும்போது நானே ஒரு ஆம் போட்டிருக்கிறேன் பாருங்கள். மலையாளிகளுக்கு இங்கே "போலும்", "அத்ரே" என்று தனிச் சொல் தேட வேண்டியிருந்தது, எங்களுக்கு ஒட்டுதான். 1-1 சமன்.

"வருவேன் என்றான்" என்பதில் வருவேனுக்குக் கோந்திஸியோனெல் வருவதையும், நடந்து முடிந்ததைப் பற்றி அங்கலாய்க்க ஓரே, ஸெரே வைத்துக் கட்டும் இறந்தகால வடிவத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டார். அங்கே நம் தமிழ் கைகொடுக்கிறது, வாங்கியிருப்பேன், போயிருப்பேன் என்று நமக்கும் ஓர் இருப்பேன் துணைக்கு வருகிறதே. ழோரே தூ என்றால் செய்திருக்க வேண்டும், ழோரே பூ என்றால் செய்திருக்கலாம். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பேன். அதற்கு விஷயம் தேட வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

இனி குறைகள். கேட்புப் பயிற்சி மகா மோசம். ஃபோன் ஸ்பீக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடியோ போடுவார், மேம்பாலத்தில் கேரளா பஸ் ஹாரன் அடிக்கும், ஃபேன் கடகடக்கும், நாம் கண்ணை மூடி யூகிக்க வேண்டியதுதான். மேலே சொன்னேனே, எதிர்காலத்தின் ரேயும் கோந்திஸியோனெலின் ரேயும் தமிழில் ஒன்றாகத் தெரியும் என்று, பிரெஞ்சில் ஒன்று கொஞ்சம் வாயை மூடிய ஏ, மற்றது திறந்த ஏ. பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை என்கிறபோது அந்த ஹாலில் எப்படிக் கேட்கும்? எழுதும்போது எது என்று சந்தேகம் வந்தால் நானை நாமாக மாற்றிப் பார் என்று ஒரு வழி சொல்லிக் கொடுத்தார், அது உபயோகமானது: நூ ஸிரோன் என்று வந்தால் எதிர்காலம், நூ ஸிரியோன் என்று இழுத்தால் கோந்திஸியோனெல். காதுக்குப் பயிற்சி மட்டும் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நேரக் கணக்கு டீச்சருக்குக் கிடையாது. கோந்திஸியோனெலுக்கு 3 வாரம் எடுத்தார், நான் அதை ரசித்தேன், ஆனால் அதனால் ஸுப்ழோங்க்திஃப் என்கிற இன்னொரு வினை வடிவம் முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அள்ளிக் கொட்டினார். எனக்கு அது இன்றைக்கும் அரைகுறைதான், வேறு இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது, ஜெராக்ஸ். எந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்தோ எடுத்த பிரதியின் பிரதியின் பிரதி, எழுத்துக்கு மேலே இருக்க வேண்டிய குறிகள் பாதி மறைந்து போய், கிறுக்கலா குறியா என்று தெரியாது. கட்டுரைத் திருத்தம் 2 வாரம் தாமதம். பாத்ரூம் கீழே மெத்தைக் கடையில் கேட்டுத்தான் போக வேண்டும், பெண் பிள்ளைகள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த பேட்சில் 14 பேர் 21 ஆகிவிட்டார்களாம், அதே 4 பெஞ்ச். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கேள்வி கேட்க இடம் இருந்ததால்தான் எங்கள் பேட்ச் ஓடியது.

அடிப்படையே தெரியாதவர்கள் நேராக இதில் சேராதீர்கள், எதிர்காலமும் அம்பார்ஃபேயும் கையில் இல்லாமல் போனால் டீச்சர் சொல்லும் நகைச்சுவை எதுவும் புரியாது. அம்பார்ஃபே மறந்தவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், நாம் என்பதற்கான நிகழ்கால வடிவத்தில் ஓன்ஸைக் கழற்றிவிட்டு ஏ போட வேண்டும், இருப்பது என்கிற ஒரே வினை மட்டும் எத்தே என்று தனி வழியில் போகும். இவ்வளவு தெரிந்திருந்து, ஆனால் பேச வாய் வரவில்லை என்றால் தயங்காமல் சேரலாம். மலையாளம் காதில் விழுந்து வளர்ந்த நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் லாபம். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு "வாங்ஙுமாயிருந்நு" அவ்வளவாக ஏறவில்லை, அவன் வேளாவைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினான்.

அஞ்சுக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த ஒன்றரையில் ஒன்று ஃபேனுக்கும் ஸ்பீக்கருக்கும், அரை ஜெராக்ஸுக்கு. அடுத்த பேட்ச் ஓணம் லீவு முடிந்து தொடங்குகிறது, முதல் சனிக்கிழமை எட்டரைக்கே போய் முன் பெஞ்ச் பிடியுங்கள், சாயா வந்ததும் "ழெ வோ" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.